எல்லைச் சாவடியும் வருவோர் வாய்மொழியும்

எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களின் மனக்கண்ணில் தோன்றுவன இமயத்துப் பனிச்சிகரங்களும், துப்பாக்கி ஏந்திய வீரர்களுமே. பாரிவாக்கத்தில் வாழும் நமக்கு அத்தகைய எல்லை எதுவும் பழக்கமில்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலை, ஓர் ஏரி, ஒரு கூட்டுச்சாலை, வயல்களை விழுங்கி எழுந்த மனைப்பிரிவுகள், விடியலிலேயே தொழிற்பேட்டைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். இவையே நம் ஊர். திருவள்ளூர் மாவட்டத்தில் கண்விழித்து, சென்னையில் வேலை பார்த்து, மாலையில் காஞ்சிபுரம் மாவட்டத்து உறவினரை நலம் விசாரித்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர், தாம் மூன்று மாவட்டங்களைக் கடந்து வந்ததாக ஒருநாளும் எண்ணியதில்லை.

2020-ஆம் ஆண்டு அந்த எண்ணத்தை மாற்றியது. சாலையின் குறுக்கே இரும்புத் தடுப்புகள் வந்தன. இ-பாஸ் என்னும் சீட்டு வந்தது. நெற்றிக்கு நேரே நீட்டப்படும் வெப்பமானி வந்தது. அண்டை மாவட்டம் அயல்நாடாயிற்று. நம் பக்கத்திலேயே, பூந்தமல்லிப் பொது சுகாதார நிறுவன வளாகம், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியோரைத் தனித்துத் தங்கவைக்கும் இடமாயிற்று. மே மாதம் 5-ஆம் நாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, சில நாட்களில் மொத்தக் காய்கறி வாணிபம் திருமழிசைக்குப் பெயர்ந்தது. எங்கோ சீனத்தில் தோன்றியதாக நாளேட்டில் படித்த நோய், வெங்காய மூட்டையோடு நம் வாசலுக்கே வந்துவிட்டதாக மக்கள் அஞ்சினர்.

அக்காலத்தில் நம் செவியில் விழுந்த கருத்துகளை இன்று நினைவுகூரும்போது வியப்பே மேலிடுகிறது. மார்ச் மாதத்தில் ஒரு பெரியவர் நம்மிடம், “வெளியிலேர்ந்து வர்றவன்தான் கொண்டுவர்றான் சாமி. விமானத்தையெல்லாம் நிறுத்திப்புட்டா நாம தப்பிச்சுக்கலாம்” என்று உறுதியாகக் கூறினார். மார்ச் 22-ஆம் நாள் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தவும்பட்டன. மே 7-ஆம் நாள், அயல்நாடுகளில் தவித்தோரை அழைத்துவர ‘வந்தே பாரத்’ விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது அதே பெரியவர் நம்மிடம் வந்து, துபாயில் வேலை இழந்து நிற்கும் தம் மகனுக்கு ஓர் இடம் கிடைக்க யாரிடம் மனுக் கொடுக்கலாம் என்று கேட்டார். அவருடைய குரலில் சற்றும் கூச்சமில்லை. கூச்சப்பட அவசியமும் இல்லை என்பதே நம் கருத்து. முகம் தெரியாதவருக்குக் கதவு மூடியிருக்கவேண்டும், முகம் தெரிந்தவருக்குத் திறக்கவேண்டும் என்பது மனிதர் எல்லாரிடமும் உள்ள ஆசை. ஆனால் எல்லையில் நிற்கும் சாவடிக்கு இந்த முகவேறுபாடு தெரியாது. அதன் முன் எல்லாரும் முகம் தெரியாதவர்களே.

மற்றொரு சாரார், வெப்பமானியைத் திருநீற்றைப் போலவும் தீர்த்தத்தைப் போலவும் நம்பினர். நெற்றியில் காட்டி, எண் சரியாக இருந்துவிட்டால் நோய் இல்லை என்று மகிழ்ந்தனர். திருமணக் கூடத்தின் வாயிலில் ஒரு பையன் அக்கருவியோடு நின்றான் என்பதற்காகவே உள்ளே முகக்கவசத்தைக் கழற்றியவர்களை நாம் கண்டோம். இன்னும் சிலர், இவையெல்லாம் வெறும் கண்துடைப்பு என்று ஏளனம் செய்தனர். நடந்தது என்ன என்று பார்ப்போம்.

இந்தியாவின் முதல் நோயாளி, 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்ட மாணவி. சீனத்து ஊகான் நகரிலிருந்து திரும்பியவர். விமான நிலையங்களைக் கடந்தபோது அவருக்குக் காய்ச்சல் இல்லை. ஆகவே எக்கருவியும் அவரைத் தடுக்கவில்லை. ஊர் வந்தபின் சுகாதாரத் துறையிடம் தம் வருகையைத் தெரிவித்திருந்தார். உடல்நலம் குன்றியதும் அதையும் அவர்களிடம் சொன்னார். அதனாலேயே நோய் அறியப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் நோயாளி, மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்ட காஞ்சிபுரத்துப் பொறியாளர். ஓமனிலிருந்து பிப்ரவரி இறுதியில் சென்னையில் இறங்கியவர். வெளிநாட்டிலிருந்து வரும் அனைவரையும் சோதிக்கும் முறை மார்ச் 4-ஆம் நாளுக்குப் பிறகே வந்தது. இரண்டாம் நோயாளியோ வெளிநாட்டையே காணாத இளைஞர். தில்லியிலிருந்து இரயிலில் வந்தவர். ஒருவர் அறிகுறி தோன்றுமுன் கடந்தார். ஒருவர் விதி வருமுன் கடந்தார். ஒருவர் சாவடியே இல்லாத வழியில் கடந்தார். மூவருமே எவரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவ்வாண்டு மார்ச் இறுதியில் மத்திய அமைச்சரவைச் செயலர் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் வெளிநாட்டிலிருந்து வந்ததாகவும், வந்தவர்களின் தொகைக்கும் உண்மையில் கண்காணிக்கப்படுவோர் தொகைக்கும் இடைவெளி இருப்பதாகவும் குறிப்பிட்டார். வாயிலில் நெற்றியைப் பார்ப்பது எளிது. வீடுவரை தொடர்வதே கடினம். 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது கனடா நாடு தன் விமான நிலையங்களில் இலட்சக்கணக்கான பயணிகளைச் சோதித்தது. அச்சோதனையில் சார்ஸ் நோயாளி ஒருவர்கூடப் பிடிபடவில்லை. நோய் உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்படச் சில நாட்கள் ஆகும். அதற்குள் விமானம் உலகையே சுற்றிவிடும். காய்ச்சல் இருந்தாலும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை சில மணி நேரத்துக்கு அதை மறைத்துவிடும். இந்த இரகசியம் நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை தெரிந்ததே.

அப்படியாயின் சாவடியே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் தவறு. நியூசிலாந்து போன்ற தீவு நாடுகள், வந்தோர் ஒவ்வொருவரையும் 14 நாட்கள் அரசின் பொறுப்பில் தங்கவைத்து, நெடுங்காலம் நோயைப் பெருமளவு வெளியிலேயே நிறுத்தின. அதற்குச் சுற்றிலும் கடல் வேண்டும், செலவிடப் பணமும் வேண்டும். பாரிவாக்கத்துக்கு இருப்பது ஏரி மட்டுமே. கடல் இல்லாத இடங்களில் சாவடியின் பயன் வேறு. யார் வந்தார், எங்கிருந்து வந்தார், எங்கே தங்குவார், யாரோடு பழகினார் என்று அது கேட்டு எழுதிக்கொள்கிறது. காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறது. ஆக, வருகிறவர் தாமாகச் சொல்லும் உண்மையே அச்சாவடியின் உண்மையான கருவி. மற்றவையெல்லாம் அதற்குத் துணை.

அந்த உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று ஒருவர் முடிவுசெய்வது விமான நிலையத்தில் அன்று, அவருடைய தெருவில். இதை நமக்குப் புரியவைத்தவர் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஓர் இளைஞர். “படிவம் எழுதும்போது கை நடுங்கலை ஃபாதர். ஆட்டோ நம்ம தெருவுக்குள்ள திரும்பினப்பதான் நடுங்குச்சு” என்றார். நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. அவர் வந்து சேர்ந்த செய்தி அவருக்கு முன்பே தெருவுக்குள் நுழைந்திருந்தது. பால் பாக்கெட் தெருமுனையோடு நின்றது. தண்ணீர் கேன் போடும் பையன் வர மறுத்தான். வீட்டுக் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. கையில் மை முத்திரை. பின்னர் நோய் பெருகியபோது, தகரம் வைத்து அடைக்கப்பட்ட தெருக்களையும் கண்டோம். அந்த இளைஞருக்கு நோய் ஏதும் இல்லை. அவருடைய தாயாரோ, “திருடன் வீடு மாதிரி ஆக்கிட்டாங்க சாமி” என்று பல மாதங்கள் கழித்தும் கண்கலங்கினார். பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி ஒருவர் நாள்தோறும் குழம்பைச் சுற்றுச்சுவரின் மேல் வைத்துவிட்டு, தொலைபேசியில் அழைத்துச் சொல்வாராம். அதையும் அத்தாயார் மறவாமல் சொன்னார்.

கதவில் தாள் ஒட்டும் வழக்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ்க் குறிப்பாக ஆணையிட்டாலன்றி அவ்வாறு ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் கூறியது. அதற்குள் ஒட்டவேண்டியவை எல்லாம் ஒட்டப்பட்டுக் கிழிக்கவும் பட்டுவிட்டன!

தெருவின் அச்சம் உயிரோடிருப்பவர்களோடு நிற்கவில்லை. ஏப்ரல் மாதத்தில், நெல்லூரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் சென்னையில் சிகிச்சை பலனின்றி இறந்தார். அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவரப்பட்ட அவரது உடலை எரிக்க எதிர்ப்பு எழுந்தது. உடல் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அடுத்த சில நாட்களில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலுக்கு நேர்ந்ததை நம் வாசகர்கள் அறிவர். உடலைச் சுமந்து சென்றோர்மீது கல்லெறிந்தனர். நண்பரான மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்யவேண்டியிருந்தது. பிறரைக் காத்துக் காத்து நோயுற்ற மருத்துவருக்கே ஆறடி மண்ணில் இடமில்லை என்று கண்ட ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி, “எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை கரகரக்கிறது” என்று சாவடியில் எப்படிச் சொல்வார்? சொன்னால் 14 நாள் கூலி போயிற்று. ஊரில் பெயரும் போயிற்று. கோயம்பேட்டிலிருந்து கடலூருக்கும் அரியலூருக்கும் லாரிகளில் சென்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். ‘கோயம்பேட்டுக்காரன்’ என்பதே அந்த மே மாதத்தில் ஒரு நோயின் பெயரைப்போல் ஒலித்தது.

மறைத்தல் என்பது நம் மக்களின் குணக்கேடு என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியபின், புனே நகரில் சிப்பாய்கள் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். பெண்களின் மானமும் பூசையறையும் பொருட்படுத்தப்படவில்லை என்ற குமுறல் எழுந்தது. மக்கள் நோயாளிகளையும் பிணங்களையும் மறைக்கத் தலைப்பட்டனர். அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார். கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வன்மையாகத் தேடிய இடத்தில்தான் நோய் மிக ஆழமாக ஒளிந்துகொண்டது என்பதை மறுக்க இயலாது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டு உண்டு. நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவர் அதைப் பெற்று, குறித்த நாட்கள் வரை அதிகாரியிடம் தம்மைக் காட்டிக்கொள்ளவேண்டும். இ-பாஸின் பாட்டனார் அவரே.

இன்னும் நெருக்கமான சான்று வேண்டுமாயின் இராமேசுவரம் செல்லும் இரயிலில் ‘மண்டபம் கேம்ப்’ நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஏழைத் தமிழர் கடலைக் கடக்குமுன் அங்கே தங்கவைக்கப்பட்டனர். இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. அம்மை குத்தினர், கொக்கிப்புழுவுக்கு மருந்து புகட்டினர், சில நாட்கள் கண்காணித்தபின் கப்பலேற்றினர். மருத்துவ நோக்கில் இவற்றைக் குறைகூற நாம் துணியோம். கொள்ளைநோய் எனில் மலைத் தோட்டங்களில் அதற்கு இரையாகியிருப்போரும் அதே ஏழைகள்தாம். ஆனால் வசதியான வகுப்பில் பயணம் செய்தோர் முகாமில் தங்காமலே மருத்துவச் சீட்டோடு கடந்து செல்ல முடிந்தது. கிருமி வகுப்பு பார்த்து ஏறுவதில்லை, சாவடி பார்த்தது. 1980-களிலிருந்து அதே மண்டபத்தில், உள்நாட்டுப் போருக்கு அஞ்சி அக்கரையிலிருந்து திரும்பி வந்த ஏதிலியர் குடியமர்த்தப்பட்டனர். போகும்போதும் முகாம், வரும்போதும் முகாம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு வாசகர்கள் இடமளிக்கவேண்டும். நோய்த்தடுப்பு முகாமை ஐரோப்பியர் ‘லாசரெட்டோ’ என்று வழங்கினர். வெனிஸ் நகரத்தார் 1423-இல் நிலையான முதல் முகாமை அமைத்த தீவில் நசரேத்து மரியன்னையின் பெயரால் ஓர் ஆலயம் இருந்தது. அந்த நசரேத்தும், உடலெங்கும் புண்ணோடு செல்வரின் வாயிலில் கிடந்த ஏழை இலாசரின் பெயரும் கலந்தே அச்சொல் பிறந்தது என்பர். நம் பக்கத்து நசரத்பேட்டைக்கும் இதற்கும் உறவு கற்பிக்க நாம் முயலவில்லை. அவ்வழியே செல்லும்போது நினைவு வருகிறது, அவ்வளவே. ஆனால் வாயிலில் கிடந்தவரின் பெயரை வாயிற்சாவடிக்குச் சூட்டிய அந்த மக்கள், அதன் பொருளை அறிந்து சூட்டினார்களா என்று சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

நாமே வாயிலில் நின்ற காலமும் உண்டு. 1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் என்று செய்தி பரவியதும், வளைகுடா நாடுகள் உட்படப் பல நாடுகள் இந்தியாவோடு விமானத் தொடர்பைத் துண்டித்தன. வேறு நாடுகளில் இந்தியப் பயணிகளைத் தனியே நிறுத்திச் சோதித்தனர். அப்போது நம் நாடே கொதித்தது. ஒரு நகரத்து நோய்க்காக முழு நாட்டையும் தள்ளிவைப்பதா என்று கேட்டோம். 2021 மே மாதத்தில், இந்தியாவிலிருந்து திரும்பும் தன் சொந்தக் குடிமக்களையே சிறைக்கு அனுப்பலாம் என்று ஆஸ்திரேலிய அரசு சில நாட்களுக்கு விதித்தபோதும் அவ்வாறே கேட்டோம். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று, ஒமிக்ரான் என்று பின்னர் பெயரிடப்பட்ட புதிய திரிபைத் தென்னாப்பிரிக்க அறிவியலார் கண்டறிந்து உலகுக்கு உடனே அறிவித்தனர். ஓரிரு நாளில் பல நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்குக் கதவை அடைத்தன. உண்மையை முதலில் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது! பால் பாக்கெட் தெருமுனையோடு நின்ற கதைதான் இதுவும்.

மறைநூலில் நோய்ச் சோதனையாளராக முதலில் தோன்றுபவர் மருத்துவர் அல்லர், குருவே. இது நம் போன்றோர்க்குச் சற்றுச் சங்கடமான செய்தி. லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், தோலில் தடிப்பு கண்டவர் குருவிடம் கொண்டுவரப்படுகிறார். குரு பார்க்கிறார்; ஐயம் இருப்பின் ஏழு நாள் தனித்து வைக்கிறார்; மீண்டும் பார்க்கிறார்; தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். நம் காலத்து 14 நாட்களை இது நினைவூட்டுவது தற்செயலே. நோய் உறுதியானால் அவர் தம் தீட்டைத் தம் வாயாலேயே உரக்க அறிவித்துக்கொண்டு பாளையத்துக்கு வெளியே தனியே வாழவேண்டும். எத்துணைக் கொடிய கட்டளை என்று குருமடத்தில் படித்த நாட்களில் தோன்றியது. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தை அப்போது விரைந்து கடந்துவிட்டோர் பலர். நோய் நீங்கியதா என்று அறியக் குருவே பாளையத்தைவிட்டு வெளியே, அவர் இருக்கும் இடத்துக்குச் செல்லவேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. வெளியே அனுப்பியவருக்கு வெளியே போய்ப் பார்க்கும் கடமையும் உண்டு. அவரை மீண்டும் உள்ளே சேர்க்கும் சடங்குக்கு, தள்ளிவைக்கும் சட்டத்தைப் போலவே நீண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏழைக்குக் காணிக்கையில் குறைவான கணக்கும் அங்கேயே உண்டு.

ஆகவே, “எல்லையில் சோதனை வேண்டுமா, வேண்டாமா ஃபாதர்?” என்று அன்பியக் கூட்டங்களில் கேட்போர்க்கு, வேண்டும் என்றே சொல்லிவருகிறோம். உடன் வேறு சில கேள்விகளையும் கேட்கிறோம். நிறுத்தப்படுகிறவருக்கு அந்த நாட்களின் கூலியை யார் தருவார்? விமானத்தில் வந்தவருக்கும் லாரியில் வந்தவருக்கும் ஒரே விதியா? அவர் வீட்டுக்குக் குடிநீர் யார் கொண்டுபோவார்? முதலிரண்டும் அரசு விடை கூறவேண்டியவை. மூன்றாவதைக் கேட்டதும் கூட்டத்தில் சற்று அமைதி நிலவும். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா நோய் கண்டபோது, தமிழக எல்லைச் சாவடிகளில் மீண்டும் வெப்பமானிகள் வெளிவந்தன. அந்த வாரத்தில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று கேரளத்திலிருந்து வாளையாறு வழியாக வாடகை வேனில் திரும்பிக்கொண்டிருந்தது. சாவடியில் காட்டியபோது ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. வேன் புறப்படவேண்டியதுதான். அப்போது அத்தாய், முந்திய இரவு சிறியவளுக்கு உடம்பு சுட்டதாகத் தாமே சொன்னார். உள்ளே இருந்த உறவினர் ஒருவர் அவரது முழங்கையைக் கிள்ளினாராம். சாவடியில் இருந்த சுகாதாரப் பணியாளர் குழந்தையை இறக்கி நிழலில் உட்காரவைத்து, யாரையெல்லாம் பார்த்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதி, ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பினார். அடுத்த மூன்று நாட்கள் காலைதோறும் அழைப்பு வந்தது. வந்திருந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல். நான்காம் நாள் சிறுமி பள்ளிக்குச் சென்றாள். பயணத்தில் தொலைத்துவிட்ட தண்ணீர்க் குப்பிக்கு மாற்றாக அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கவேண்டியிருந்தது என்பதே அவ்வீட்டாரின் ஒரே குறை.